பழைய ஜீப்பின் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வழி அமைத்தல்

வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த சி.ஜே.-3பி ஜீப்பிலும், உரிமம் பெற்று மகிந்திரா இந்தியாவில் தயாரித்த அதே வகைப் பெட்ரோல் ஜீப்பிலும் இருப்பது ஹரிக்கேன் எஃப்4-134 எஞ்சின். இருக்கைக்கு அடியில் உள்ள டேங்கிலிருந்து, கேம்ஷாஃப்ட் அசைக்கும் டயாபிரம் பம்ப் பெட்ரோலை இழுத்து மேலே கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. டேங்க் முதல் பம்ப் வரை இழுக்கும் பக்கம், அதற்கு மேல் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் சொட்டும், வாசனை அடிக்கும். இழுக்கும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் வெளியே ஈரமே தெரியாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி மேட்டில் திணறும், மேடு ஏறியதும் சரியாகிவிடும். உடனே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற வேண்டியது அதை அல்ல.

வேலை தொடங்குமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டேங்கை வடித்துக் கழுவ வேண்டும். துருப்பிடித்த டேங்கோடு மேலே போவதில் பயனில்லை. மூடியில் காற்றுத்துளை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். துளையில்லாத மூடியைப் போட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் நின்றுவிடும். நின்ற இடத்தில் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் காரணம் அதுவே.

இழுக்கும் பக்கத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். டேங்குக்குள் இறங்கும் குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் அடைத்து ஊதிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் மட்டத்துக்கு மேலே அதில் ஊசித்துளை இருந்தால், டேங்க் நிறைந்திருக்கும்போது வண்டி நன்றாக ஓடும். பாதி குறைந்ததும் தொல்லை தரும். அடுத்தது ரப்பர் ஓஸ். பழைய ஓஸைத் திரும்பப் போடுவது கூடாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் உள்ளுக்குள்ளேயே மெலிந்து உரிகிறது. ஜே30 ஆர்9 முத்திரை உள்ள ஓஸ் அதைத் தாங்கும். திருகு கிளாம்ப்பைவிட, ஓஸை வெட்டாமல் சுற்றிலும் சமமாக இறுக்கும் நட்-போல்ட் கிளாம்ப் நல்லது. ஃப்ளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பிய்ந்த இழை நேராகக் கார்புரேட்டரின் நீடில் வால்வில் போய் உட்காரும்.

ஓட்டை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு; இது பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும். பம்ப்பின் இழுக்கும் வாயில் புதிய ஓஸ் துண்டொன்றை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் விட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். கேன் எக்ஸாஸ்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, கவிழாதபடி நிற்க வேண்டும். திணறல் போய்விட்டால் கோளாறு பம்ப்புக்குப் பின்னால் டேங்க் பக்கம். அப்படியே இருந்தால் பம்ப்பிலோ அதற்கு மேலோ.

பம்ப்பைச் சோதிக்க, கார்புரேட்டருக்கு முன் டி-ஜாயின்ட் வைத்து கேஜ் மாட்ட வேண்டும். 2.5 முதல் 3.75 பி.எஸ்.ஐ. வரை காட்டினால் போதும். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்தால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. ஆயிலையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

மெக்கானிக்கல் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. மின் பம்ப் வைத்தே ஆக வேண்டுமென்றால், அது கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்தப் பம்ப்பாக இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் அழுத்தம் அதைவிடப் பத்து மடங்கு இருக்கும். நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் மேனிஃபோல்டில் கொட்டும். மின் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம். ஆகவே அதை டேங்குக்கு அருகில், கூடியவரை தாழ்வாக வைக்க வேண்டும். ஆயில் அழுத்தம் போனதும் பம்ப் நிற்கும்படி ஒரு சுவிட்ச்சும் கட்டாயம் வேண்டும். வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் தீப்பிடிக்கும்.

தள்ளும் பக்கக் குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைவிட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிக் கொண்டுபோக வேண்டும். சூட்டில் பெட்ரோல் ஆவியானால், நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் அறைக்குள் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஃபில்டர் வேண்டாம், உலோக ஃபில்டர்தான்.

கடைசியில் ஃப்ளோட். கார்ட்டர் ஒய்.எஃப். கார்புரேட்டரில் மேல்மூடியைக் கழற்றி, கேஸ்கட்டை எடுத்து, கவிழ்த்துப் பிடித்து, ஃப்ளோட் தன் எடையிலேயே நீடிலின் மேல் இருக்கும்போது அளக்க வேண்டும். சரியான அளவு கார்புரேட்டரின் தகட்டு எண்ணுக்கு ஏற்ப மாறும். பக்கத்து வண்டியின் அளவு உதவாது. நீடிலையும் சீட்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஃப்ளோட் மட்டம் கூடினால் சமதளத்தில் ஒன்றும் தெரியாது. செங்குத்தான சரிவில் பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூச்சுத் திணறும்.

முதல் காட்டுப்பாதை ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் எல்லாக் கிளாம்ப்புகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புது ஓஸ் சூடுபட்டதும் சற்று அமுங்கிக்கொடுக்கும்.