கணிப்பொறிகளும் காலக் கணக்கும்

ஒரு வீட்டுச் சுவர்க் கடிகாரம் 5 நிமிஷம் பிந்தியோடினால் அவ் வீட்டார் இரயிலைத் தவறவிடுவர். பிறர்க்கு அதனால் இடரில்லை. ஆயிரவர்க்கு ஒருங்கே பணிசெய்யும் சர்வர் என்னும் கணிப்பொறியின் கடிகாரம் 5 விநாடி பிறழ்ந்தாலோ, அதனால் விளையும் கேடு அப் பொறியை ஒருநாளும் கண்டிராதாரையும் சென்று சாரும். ஆதலின், கணிப்பொறி காலத்தை எங்ஙனம் அறிகிறது, எதனால் தவறுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்னும் மூன்றனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண், கேடு எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஒரு வங்கியின் ஏடுகள் இரண்டு சர்வர்களில் வைக்கப்பட்டுள்ளன என்று கொள்க. முதற் பொறியின் கடிகாரம் 3 விநாடி முந்தியோடுகிறது. இரண்டாவது சரியாக ஓடுகிறது. சரியாக 10 மணிக்கு ஒருவருடைய விலாசம் முதற் பொறியிற் பிழையாகப் பதிவாகின்றது. அதன்மேல் 10 மணி 3 விநாடி என்னும் முத்திரை விழுகின்றது. 2 விநாடி கழித்து அப் பிழையைத் திருத்தி இரண்டாம் பொறியிற் பதிகின்றனர். அதற்கு 10 மணி 2 விநாடி என்னும் முத்திரை கிடைக்கின்றது. பிற்பட்ட முத்திரை உடையதே செல்லும் என்பது பல தரவுத்தளங்களின் விதி. ஆகவே திருத்தம் மறைகிறது, பிழை நிலைக்கிறது. எவரும் பொய் சொல்லவில்லை. எப் பொறியும் நின்றுவிடவில்லை. எனினும் ஏடு பொய்யாயிற்று.

உயிர்க்கேடு விளைந்த நிகழ்ச்சியும் உண்டு. 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், சவூதி அரேபியாவிலுள்ள தஹ்ரானில், பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தடுப்புப் பொறி, வந்த ஸ்கட் ஏவுகணையை மறிக்கத் தவறியது. அமெரிக்கப் படைவீரர் 28 பேர் மாண்டனர். அப் பொறி காலத்தை விநாடியிற் பத்திலொரு பாகமாக எண்ணி வந்தது. பத்திலொன்று என்னும் பின்னத்தை இரண்டன் அடிமான எண்களில் முடிவுற எழுத இயலாது. 24 இலக்கங்களோடு அதனை வெட்டிவிட்டனர். வெட்டுண்ட எச்சம் மிகச் சிறிது. ஆயினும் பொறி இடையறாது 100 மணி நேரம் ஓடியபின், அச் சிறு பிழை திரண்டு விநாடியில் மூன்றிலொரு பங்காயிற்று. ஒரு விநாடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் விரையும் ஏவுகணையைத் தேட வேண்டிய இடம் அதனால் அறுநூறு மீட்டருக்கு மேல் விலகிப்போயிற்று. திருத்திய நிரல் அவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது மறுநாள்!

நிற்க. கணிப்பொறி காலத்தை அறியுமாறு யாது? அதனுள் மின்னாற் றூண்டப்பட்டு அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று உளது. கைக்கடிகாரத்திலும், கணிப்பொறி அணைந்திருக்கும்போது சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரத்திலும், இப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண் இரண்டைப் பதினைந்து முறை பெருக்கியதாதலின், பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். பொறி விழித்தெழும்போது இக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பின்னர் வேறொரு விரைந்த படிகத்தைக் கொண்டு தானே எண்ணத் தொடங்கும். வெப்பத்தாலும் முதுமையாலும் படிகத்தின் அதிர்வு மாறும். பத்து இலட்சத்தில் 20 பங்கு மாறினாலும், நாளொன்றுக்கு 1.7 விநாடியும், திங்களொன்றுக்கு ஏறத்தாழ 52 விநாடியும் பிழைபடும்.

மெய்நிகர்ப் பொறி என்பதன் நிலை இதனினும் பரிதாபமானது. ஒரு மெய்யான பொறியினுள் பல பொறிகள் இருப்பனபோல் நிரலால் அமைத்து, ஒவ்வொன்றையும் தனிப் பொறியாக நடத்துவதே இம் முறை. இடங்கொடுத்த பொறியை விருந்தோம்பி என்றும், உள்ளிருப்பதை விருந்தினன் என்றும் கூறுவாம். விருந்தோம்பி தன் உழைப்பை விருந்தினர் பலர்க்கும் மாறிமாறி அளிக்கும்; ஒருவனுக்கு அளிக்கும்போது மற்றவன் உறங்குகிறான். காலத்துடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணும் விருந்தினனாயின், உறக்கத்தில் வந்தவற்றை எண்ணத் தவறுவான், பிந்துவான். விருந்தோம்பி இரக்கப்பட்டு, தவறிய துடிப்புகளைப் பின்னர் விரைவாக அளிக்கும். விருந்தினனும் தானே குறையை ஊகித்து ஈடுசெய்திருப்பானாயின், இப்போது முந்துவான்! இவனை மாலையில் நிறுத்திவைத்து மறுநாட் காலையில் எழுப்பினால், இன்னும் மாலை என்றே எண்ணியிருத்தலும் உண்டு. இக் குறை நீங்கும்பொருட்டு, துடிப்பெண்ணுதலை விடுத்து விருந்தோம்பியின் காலத்தையே நேரே வாசித்தறியும் மெய்நிகர்க் கடிகாரங்கள் இப்போது வழக்கில் உள.

இனித் திருத்துமாறு கூறுவாம். ஓரிடத்துச் சரியான நேரத்தைக் கம்பி வழியாகப் பலவிடத்திற்கும் பகிர்தல் புதுவதன்று. 1792-இல் சென்னையில் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தின் நேரம் தந்தி மூலம் அனுப்பப்பட்டு, இந்திய இருப்புப்பாதைகள் பலவற்றிற்கும் பொதுநேரமாய் விளங்கிற்று. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிஷம் முந்திய இந்தியப் பொதுநேரம் ஏற்பட்டபோது, இருப்புப்பாதைகள் அதனை மேற்கொண்டன. கணிப்பொறிகளுக்கு இவ் வேலையைச் செய்வது என்.டி.பி. எனப்படும் பிணைய நேர நெறிமுறை. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்து 2024-இல் மறைந்த டேவிட் மில்ஸ் என்பார் அதனை உருவாக்கினார். அதன் இலக்கணம் 1985-இல் வெளியாயிற்று.

தந்தி வருதற்கும் சிறிது காலம் செல்லுமன்றோ? அதனை எங்ஙனம் கழிப்பது? கேட்கும் பொறி, வினாவை அனுப்பிய நேரத்தைத் தன் கடிகாரப்படி குறிக்கும். அஃது 10 மணி எனக் கொள்க. விடையளிக்கும் பொறி, வினா வந்தது 10 மணிக்கு மேல் 0.250 விநாடி, விடை புறப்பட்டது 0.260 விநாடி எனத் தன் கடிகாரப்படி எழுதியனுப்பும். விடை வந்ததைக் கேட்ட பொறி 0.110 விநாடி எனத் தன் கடிகாரத்திற் காண்கிறது. சென்றுவர ஆனது 0.110, மறுபுறத்தில் தங்கியது 0.010, எனவே வழியிற் கழிந்தது 0.100 விநாடி. போக்கும் வரவும் சமமெனக் கொண்டால் ஒவ்வொன்றும் 0.050. வினா சென்று சேர்கையில் கேட்டவனது கடிகாரம் 0.050 காட்டியிருக்கும், மற்றவனதோ 0.250 காட்டியது. ஆகவே இவன் 0.200 விநாடி பிந்தியுள்ளான். போக்கும் வரவும் சமமல்லவாயின் விடை பிழைபடும்; எனினும் அப் பிழை வழியிற் கழிந்த காலத்திற் பாதியை மிஞ்சாது.

பிழையறிந்தவுடன் முள்ளைத் திருப்பிவிடலாமோ எனின், ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் பொறியில் காலம் பின்வாங்கினால், பின் நிகழ்ந்தது முன் நிகழ்ந்ததாகப் பதியும். ஆதலின் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சிறிது விரைவித்தோ தளர்த்தியோ மெல்லத் திருத்துவர். பத்து இலட்சத்தில் 500 பங்கே மாற்றுவது பழைய வரம்பு. அம் முறையில் 1 விநாடிப் பிழை நீங்க 2,000 விநாடி, அதாவது 33 நிமிஷம் 20 விநாடி வேண்டும். பிழை பெரிதாயின் பொறி விழித்தெழும் வேளையில், பணி தொடங்குமுன், ஒரே தாவில் திருத்திவிடுதல் நன்று.

ஒரு பொறியையே கேட்டால் அது பொய்த்தது அறியோம். இரண்டைக் கேட்டு அவை மாறுபட்டால் எது மெய்யெனத் துணியோம். மூன்றாயின் பெரும்பான்மை காணலாம். ஒன்று நின்றுபோயினும் மூன்று எஞ்சுமாறு நான்கைக் கேட்பதே அறிந்தோர் துணிபு. மெய்நிகர்ப் பொறிக்கு மற்றொரு விதியும் உண்டு. விருந்தோம்பி அவ்வப்போது நேரத்தைத் திருத்த, உள்ளே என்.டி.பி.யும் திருத்த முற்பட்டால், இரண்டும் ஒன்றையொன்று குலைக்கும். இரு எஜமானர்க்கு ஊழியம் செய்வதன் துன்பம் வேதம் வாசித்தார் அறிந்ததே. ஒன்றை வைத்து மற்றொன்றை நிறுத்துக. விருந்தோம்பியின் கடிகாரத்தையும் மறவாது திருத்துக. வேர் பழுதாயின் கிளை தழையாது.

இந்திய நாட்டில் பொதுநேரத்தைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேரத்தோடோ தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடோ கணிப்பொறிகளை இணைத்தல் வேண்டுமெனச் சேவை நிறுவனங்கட்கும் கம்பெனிகட்கும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கக் கட்டளை பிறந்தது. திருட்டு நிகழ்ந்தபின் பல பொறிகளின் குறிப்பேடுகளை ஒப்புநோக்கி, எது முன், எது பின் என ஆராய்வார்க்கு இவ்வொருமையே துணை.

மாணவ நண்பர்களே, எக் கடிகாரமும் தன் பிழையைத் தானே அறியாது. தன்னினும் நம்பத்தக்க பிறரை அடிக்கடி வினவி, வேறுபாட்டை அளந்து, பதறாது மெல்லத் திருந்துவதே அதற்குரிய நெறி. இந்நெறி கடிகாரத்திற்கு மட்டும் உரியதோ என்பதை நீங்களே எண்ணிப் பார்ப்பீர்களாக.