நம்பிக்கைகளும் உண்மைகளும்: விழுந்தால் எத்தனை பகடை?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில், உயரத்திலிருந்து விழும் வீரனின் காயத்தைப் பகடைதான் தீர்மானிக்கிறது. இவ்வகை ஆட்டங்களுக்குத் தாயான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 10 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. எவ்வளவு உயரமானாலும் 20 பகடைக்கு மேல் கிடையாது. உருட்டி வரும் எண் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளில் கழியும். கேரி கைகாக்ஸ் எழுதி 1978-இல் வெளிவந்த ஆட்டக்காரர் கையேட்டில் இருந்த இந்த விதி இன்றைய பதிப்புகளிலும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இதைச் சுற்றி ஆட்டக்காரர்களிடம் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றை உரசிப் பார்க்க மலேசியாவின் பாசிர் கூடாங் ஏற்ற ஊர். மோட்டார் பந்தய வரலாறு, ஆலைகளின் உயர்ந்த சாரங்கள், துறைமுகம், லோரிகள் ஓயாத நெடுஞ்சாலை என விழுவதும் மோதுவதும் நிஜமான கவலையாக இருக்கும் இடம் அது.

“10 அடிக்கு ஒரு பகடை என்பது அறிவியலுக்குப் பொருந்தாத விதி.”

விழ விழ வேகம் கூடுகிறது. ஆகவே காயமும் உயரத்தைவிட வேகமாகப் பெருக வேண்டும் என்பது இதன் வாதம். 1983-இல் டிராகன் என்ற ஆட்ட இதழ் இப்படி ஒரு திருத்தத்தையே முன்வைத்தது: முதல் 10 அடிக்கு ஒரு பகடை, அடுத்த 10 அடிக்கு மேலும் இரண்டு, அதற்கடுத்து மூன்று. இந்தக் கணக்கில் 60 அடியிலேயே 20 பகடை என்ற உச்சம் வந்துவிடும்.

வாதம் சறுக்குமிடம் ஒன்று உண்டு. வேகம் நேரத்தோடு சீராகக் கூடுகிறதே தவிர உயரத்தோடு அல்ல. நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். உடலை நொறுக்குவது இயக்க ஆற்றல். அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அதாவது ஆற்றல் உயரத்துக்கு நேர் விகிதம். 20 அடியின் ஆற்றல் 10 அடியினுடையதைப் போல் சரியாக இரு மடங்கு. 1984-இல் அதே இதழில் இந்த எதிர்வாதமும் அச்சானது. எளிமைக்காக எழுதப்பட்டதாகத் தோன்றும் பழைய விதி, ஆற்றல் கணக்கில் திருத்தத்தைவிடச் சரியானது.

“உயரம்தான் ஆளைக் கொல்கிறது.”

இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாப் பிழைகளுக்கும் வேர். விழும்போது உடலுக்கு ஒன்றும் ஆவதில்லை, நிற்கும்போதுதான் ஆகிறது. எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதே கேள்வி. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், உடல் தாங்க வேண்டிய சராசரி விசை அதன் எடையைப் போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு என்பது தெரிந்துவிடும். 3 மீட்டரிலிருந்து கான்கிரீட்டில் விழுந்து 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் 60 மடங்கு. அதே உயரத்திலிருந்து அரை மீட்டர் அமுங்கும் மெத்தையில் விழுந்தால் 6 மடங்கு.

1986-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பந்தயத் தடம் பாசிர் கூடாங்கில்தான் அமைந்தது. 3.86 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் 1998-இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் நடந்தது. வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிடி நழுவிச் சரியும் ஓட்டுநரின் ஆற்றல், 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுபவரின் ஆற்றலுக்குச் சமம். பகடை விதிப்படி அது 12 பகடை. சராசரி 42 புள்ளிகள். சாதாரணக் குடிமகனுக்கு விதிநூல் தருவது 4 புள்ளிகள். ஆனால் தோலுடையும் தலைக்கவசமும் அணிந்த ஓட்டுநர் தரையில் வழுக்கிச் சென்று, சரளைப் பரப்பில் புரண்டு, எழுந்து தூசி தட்டிக்கொண்டு நடப்பது பந்தயங்களில் வழக்கமான காட்சி. 50 மீட்டர் வழுக்கி நின்றால் அவர் மீது விழும் சராசரி விசை அவருடைய சொந்த எடையைக்கூட எட்டுவதில்லை. உண்மையில் அவர் ‘விழுந்தது’ ஒரு மீட்டருக்கும் குறைவான இருக்கை உயரத்திலிருந்து மட்டுமே. தடத்தின் ஓரத்தில் திறந்த வெளி விட்டு வைப்பதன் காரணம் இதுதான். அந்த வெளி இல்லாமல் சுவர் குறுக்கிட்டால், அந்த 39 மீட்டர் முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வந்து சேரும்.

1944-இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் சுமார் 5,500 மீட்டர் விழுந்த நிக்கோலஸ் ஆல்கமேட், பைன் கிளைகளும் பனியும் தாங்கியதால் கால் சுளுக்கோடு பிழைத்தார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதி, எப்படிப்பட்ட தரையின் மீது விழுந்தார் என்று கேட்பதே இல்லை. அந்த விதியின் பெரிய ஓட்டை அதுதான். உயரக் கணக்கு அல்ல. பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதைக் கொஞ்சம் அடைக்கிறது: மென்மையான பரப்பில் விழுந்தால் உயரத்தில் 20 அடியைக் கழிக்கச் சொல்கிறது.

“தண்ணீரில் விழுந்தால் காயமில்லை.” “தண்ணீர் கான்கிரீட்டுக்குச் சமம்.”

எதிரெதிரான இந்த இரண்டும் ஒரே மேசையில் கேட்கக் கிடைப்பவை; இரண்டும் தவறு. உயரத்திலிருந்து நீரில் பாயும் போட்டிகளில் ஆண்கள் 27 மீட்டரிலிருந்து குதிக்கிறார்கள். நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 83 கிலோமீட்டர். கால் முதலில் நுழையும்படி உடலை நேராக வைப்பதால் நீர் பிளந்து வழிவிடுகிறது. பல மீட்டர் ஆழத்தில்தான் நிற்கிறார்கள். அதே வேகத்தில் வயிறு தட்டையாக விழுந்தால் நீர் விலக நேரமில்லை, உள்ளுறுப்புகள் கிழியும். ஆகவே தண்ணீர் விஷயத்தில் பயிற்சியே எல்லாம். 2020-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் துணைநூல், உடல் திறமைச் சோதனையில் வென்றவருக்கு மட்டும் காயத்தைப் பாதியாக்குவது நல்ல தீர்வு.

“இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் காயமே இல்லை.”

ஆட்டத்தில் கயிறு பிடித்துவிட்டால் பகடை உருட்டாமல் விடுவது வழக்கம். ஆனால் நீளாத கயிறு தரையைப் போலவே திடீரென நிறுத்தும். 3 மீட்டர் விழுந்தவரைக் கயிறு 10 சென்டிமீட்டருக்குள் இழுத்து நிறுத்தினால் எடையின் 30 மடங்கு விசை; அது இடுப்பில் ஒரே இடத்தில் வெட்டும். பாசிர் கூடாங் ஆலைகளில் உயரத்தில் வேலை செய்வோர் தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிய பாதுகாப்பு வார் அணிவதும், அதன் கயிற்றில் ஷாக் அப்சார்பர் தொங்குவதும் இதனால்தான். தைத்து மடித்த பட்டை இழுப்பில் கிழிந்து நீளும்போது நிற்கும் தூரம் கூடுகிறது. ஐரோப்பியத் தரவிதி அந்த இழுப்பை 6 கிலோநியூட்டனுக்குள், ஏறத்தாழ 600 கிலோ எடைக்குள், அடக்கச் சொல்கிறது.

“10 அடி எல்லாம் ஓர் உயரமா?”

அனுபவமிக்க பாத்திரத்துக்கு ஒரு பகடைக் காயம் கீறல் மாதிரி. அதனால் 10 அடி என்பது யாரும் யோசிக்காமல் குதிக்கும் உயரமாகிவிட்டது. ஆட்டம் முடிந்து எழுந்தபின் இந்த எண்ணம் மனத்தில் தங்கக் கூடாது. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் வந்த 1970-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், 10 அடிக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம் என்றன. அச்சட்டம் 2024-இல் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதன் இடத்தை ஏற்றது. அமெரிக்கக் கட்டுமான விதி 6 அடியிலேயே தொடங்குகிறது. 10 அடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். தலை முதலில் பட்டால் உயிர் போக அது போதும்.

விதிநூலும் இதை மறுக்கவில்லை. 4 புள்ளிகள் கொண்ட குடிமகன் 10 அடி விழுந்தால், பகடையில் 4, 5, 6 எது வந்தாலும் வீழ்ந்துவிடுவான். அதாவது பாதி வாய்ப்பு. வீரனின் நூறு புள்ளிகள் நூறு மடங்கு தசையும் எலும்பும் அல்ல. உயிர்ப்புள்ளியில் திறமையும் அதிர்ஷ்டமும் தெய்வத் துணையும் சேர்ந்தே இருப்பதாகக் கைகாக்ஸே எழுதியிருக்கிறார்.

“20 பகடை உச்சம், காற்று தடுக்கும் இறுதி வேகத்தைக் குறிக்கிறது.”

இல்லை. 200 அடி விழ மூன்றரை நொடிதான் ஆகும். அப்போது வேகம் மணிக்கு சுமார் 125 கிலோமீட்டர். மனித உடலின் இறுதி வேகம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதை நெருங்க 450 மீட்டர், அதாவது 1,500 அடி அளவு விழ வேண்டும். பாத்ஃபைண்டர் தன் உச்சத்தை 1,500 அடியில் வைத்திருப்பது இதற்குப் பொருந்துகிறது. 20 பகடையில் வரக்கூடிய அதிகபட்சம் 120. அதைவிட அதிகப் புள்ளி வைத்திருக்கும் பாத்திரம் எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் சாகாது என்ற வினோதம் இங்கிருந்து வருகிறது.

“நேருக்கு நேர் மோதினால் இருவரின் வேகத்தையும் கூட்டி, சுவரில் மோதியதாகக் கொள்ள வேண்டும்.”

சம எடையுள்ள இரு குதிரை வீரர்கள் தலா 50 கிலோமீட்டரில் மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் 50-லிருந்து பூஜ்யத்துக்கு வருகிறார்கள். ஆகவே 50-இல் அசையாச் சுவரில் மோதிய அதே காயம்தான், 100 அல்ல. எடை மாறும்போதுதான் கணக்கு மாறுகிறது. பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் 20 டன் லோரியும் ஆளோடு 200 கிலோ உள்ள மோட்டாரும் தலா 50-இல் எதிர்ப்பட்டால், மோட்டாரின் வேகம் 99 கிலோமீட்டர் மாறும். லோரியுடையது ஒரே ஒரு கிலோமீட்டர். விசை இருவருக்கும் சமம், விளைவு சமமில்லை. கர்ப்ஸ் என்ற விதித்தொகுப்பு இதை அழகாகப் பிடித்திருக்கிறது: ஒருவர் தரும் மோதல் காயம், அவருடைய உயிர்ப்புள்ளியை வேகத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்த எண்ணிக்கைப் பகடைகள். பெரிய உடல் பெரிய அடி தரும்.

ஒருவர் மேல் இன்னொருவர் விழுந்தால் காயத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் 2020-ஆம் ஆண்டுத் துணைநூலின் விதியும் சம எடையுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நியாயமே. யானை விழுந்தால் அது பொருந்தாது.

“இறகுபோல் இறங்கும் மந்திரம் எல்லா அடியிலிருந்தும் காக்கும்.”

அந்த மந்திரம் 6 நொடிக்கு 60 அடி வீதம் இறக்கும்; நொடிக்கு 3 மீட்டர். நாற்காலி உயரத்திலிருந்து குதிப்பவரின் வேகம் அது, பாராசூட்டைவிட மெதுவானது. ஆகவே காயமில்லை என்ற விதி முற்றிலும் சரி. ஆனால் மந்திரம் கட்டுப்படுத்துவது கீழ்நோக்கிய வேகத்தை மட்டுமே. பாய்ந்தோடும் குதிரையிலிருந்து பக்கவாட்டில் தூக்கியெறியப்பட்டுக் கோட்டைச் சுவரை நோக்கிப் பறப்பவருக்கு அதன் வாசகம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. ஆட்டத்தை நடத்துபவர் அங்கே மோதலுக்குத் தனியாகப் பகடை கேட்கலாம்.