தோற்கிறவனுக்குத்தான் வரவேற்பு

இங்கிலாந்துக்குப் படிக்கவும் பிழைக்கவும் வந்து, கைபேசியில் முதல் பந்தயக் கணக்கைத் திறந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். பந்தயக் கடையின் கவுன்டருக்குப் பின்னால் நெடுங்காலம் நின்றவன் நான். எந்தக் குதிரை ஓடும் என்று சொல்ல உங்களைச் சுற்றி ஆயிரம் பேர் இருப்பார்கள். ஜெயிக்க ஆரம்பித்தால் புக்கி, அதாவது பந்தயம் வாங்குபவன், உங்களை எப்படி நடத்துவான் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

1. விலை போடும்போதே புக்கி தன் லாபத்தை அதற்குள் வைத்துவிடுகிறான். இரண்டு குதிரைகள் சமபலம் என்றால் 10 பவுண்டு கட்டியவனுக்கு 10 பவுண்டு லாபம் தருவதுதான் நியாயம். அவனோ 11 பவுண்டு கட்டினால்தான் 10 தருவான். நிறைய குதிரைகள் ஓடும் பந்தயத்தில் இந்த வெட்டு இன்னும் பெரிது.

2. நீ ஜெயித்த தொகையைக் கண்டு அவன் கலங்குவதில்லை. சனிக்கிழமை ஐந்து குதிரைகளைச் சேர்த்துக் கட்டி ஒருவன் ஆயிரக்கணக்கில் அள்ளினால் சந்தோஷமாகக் கொடுப்பான். அது திரும்பி வந்துவிடும் என்று தெரியும். அவன் கவனிப்பது நீ வாங்கும் விலையை. காலையில் 10/1க்கு (1 பவுண்டுக்கு 10 பவுண்டு லாபம்) நீ கட்டிய குதிரை, ஓட்டம் தொடங்கும்போது 5/1க்கு இறங்கியிருந்தால், அவன் தப்பாக விலை போட்டதை நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று அர்த்தம். இது திரும்பத் திரும்ப நடந்தால் போதும். குதிரைகள் தோற்றிருந்தாலும் உன் கணக்கில் அடையாளம் விழும்.

3. முதலில் சலுகைகள் நிற்கும். இலவசப் பந்தயம் வராது. விலை ஏறினால் ஏறிய விலையையே தருவோம் என்ற உத்தரவாதம் போகும். பிறகு தொகையில் கை வைப்பார்கள். எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் காலையிலேயே வந்து, சீட்டில் 40 பவுண்டு, 8/1 என்று எழுதித் தருவார். அவர் சீட்டு என்றால் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. “இந்த விலைக்கு 5 பவுண்டு. மிச்சத்தை எஸ்.பி.யில் எடுத்துக்கொள்” என்று பதில் வரும். எஸ்.பி. என்றால் ஓட்டம் தொடங்கும்போது நிற்கும் விலை. அதற்குள் 8/1 கரைந்துபோயிருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கி மடித்துக்கொள்வார். அவருக்குப் பின்னால் ரூலெட் மெஷினில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை போட அந்தக் காலத்தில் சட்டம் அனுமதித்தது. 2019 ஏப்ரலில்தான் அதை 2 பவுண்டாகக் குறைத்தார்கள். மெஷினில் போட்டவருக்காக நாங்கள் யாருக்கும் போன் போட வேண்டியிருக்கவில்லை. இந்த அநியாயம் இன்றும் என் மனசை அறுக்கிறது.

4. சட்டம் துணைக்கு வரும் என்று எண்ணாதே. 2007 செப்டம்பர் முதல், ஏற்றுக்கொண்ட பந்தயத்துக்குப் பணம் தராவிட்டால் பிரிட்டனில் வழக்குப் போடலாம். ஆனால் பந்தயத்தை ஏற்றுக்கொள் என்று எவனையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014இல், பெரிய புக்கிகள் குறிப்பிட்ட அளவு வரை யாருடைய பந்தயத்தையும் ஏற்க வேண்டும் என்று விதி போட்டார்கள். பிரிட்டனுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும்.

5. மனைவி பெயரிலோ அறைத்தோழன் பெயரிலோ கணக்குத் திறந்து விளையாடாதே. கண்டுபிடித்தால் ஜெயித்த பணத்தை நிறுத்திவைப்பார்கள். பெயர் கொடுத்தவர்தான் பதில் சொல்லி அலைய வேண்டும்.

6. அயர்லாந்தின் பார்னி கர்லி கதையை யாராவது சொல்லி உசுப்புவார்கள். 1975 ஜூன் 26 அன்று பெல்லஸ்டவுன் மைதானத்தில் அவருடைய ‘யெல்லோ சாம்’ 20/1இல் ஜெயித்தது. நாடெங்கும் கடைகளில் சின்னச் சின்னத் தொகையாகக் கட்டவைத்திருந்தார். மைதானத்தில் இருந்த ஒரே போனை அவருடைய ஆள் ஒருவர், சாகக் கிடக்கும் அத்தையைப் பற்றிப் பேசுவதாக நடித்துப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர்களால் மைதானத்துக்குச் சொல்லி விலையை இறக்க முடியவில்லை. 3 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. கர்லி குதிரைக்குச் சொந்தக்காரர் என்பதையும், இன்று ஒரு நொடியில் விலை மாறிவிடும் என்பதையும் கதை சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள்.

7. புக்கி வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதே என்பாய். 2000இல் வந்த பெட்ஃபேரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் கட்டுகிறார்கள். கம்பெனி கமிஷன் எடுக்கும். அங்கும் 2008 முதல், தொடர்ந்து லாபம் எடுத்தவர்களிடம் தனிக் கட்டணம் பிடித்தார்கள்; 2011இல் அது 60 சதவீதம் வரை போனது. இன்னொரு வழி டோட். அதில் எல்லாப் பணமும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, நடத்துபவர் பங்கு போக மிச்சம் ஜெயித்தவர்களுக்குப் பிரியும். யார் ஜெயித்தாலும் நடத்துபவருக்கு ஒன்றுதான். சீட்டாட்டத்தில் ஜெயித்ததால் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகள் வெளியே தள்ளிய பில் பென்டர், ஹாங்காங் டோட்டில் பெரும்பணம் குவித்தது இதனால்தான். கணினி, ஆள்படை, வருஷக்கணக்கான புள்ளிவிவரம் எல்லாம் வைத்துக்கொண்டுதான் அவர் அதைச் செய்தார். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அது நடக்காது.

8. உன் கணக்கில் இத்தனை நாளாக எந்தத் தடையும் இல்லையென்றால், கேட்ட தொகையை உடனே ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால், போனஸும் பரிசும் அனுப்புகிறார்கள் என்றால், நீ தோற்கிறவன் என்று அவர்கள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை. ஃபீஸுக்கு வைத்த பணத்தையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தையும் கட்டியிருந்தால், உன்னை நீயே விலக்கிக்கொள்ளும் ‘கேம்ஸ்டாப்’ திட்டத்தில் இன்றைக்கே பதிவு செய். ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று நீயே தேர்ந்தெடுக்கலாம். பிரிட்டனில் உரிமம் பெற்ற ஆன்லைன் பந்தயக் கம்பெனிகள் எல்லாம் உன்னை நிறுத்தியாக வேண்டும். அதற்குக் காசு கிடையாது.