மலைப்பள்ளிச் சிறாரின் கவனமும் வாசிப்பும்: சேர்வராயன் மலையை முன்வைத்து

ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலை ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாய்மொழி தமிழே. பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தோடு இணைப்பது பொருந்தாது. தாய்மொழி தமிழ் என்பதனாலேயே, அவர்தம் பிள்ளைகள் பாடநூலில் திணறும்போது மொழிவழக்கின் இடைவெளி காரணமாகலாம் என்று எண்ணத் தோன்றுவதில்லை. நூலை விட்டுப் பார்வை விலகும் பிள்ளைக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்னும் பெயர் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (2013) இக்கோளாற்றுக்குக் கடுமையான வரையறை தருகிறது. சிறாரிடம் 6 அறிகுறிகளேனும் 6 மாதம் நீடித்தல் வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி என இரு சூழல்களிலேனும் காணப்படல் வேண்டும். தமிழ்ப் பாடவேளையில் மட்டும் அலையும் மனம் இதனுள் அடங்காது. உண்டு உறைவிடப் பள்ளியிலோ, பிள்ளையின் வீட்டு நடத்தையை ஆசிரியர் காணவே வாய்ப்பில்லை.

வாசிப்பின் சுமையைத் தமிழாசிரியர் அறிவர். 247 என்னும் எண்ணிக்கையைவிட ஒலிவரிசைக்கும் வரிவடிவத்துக்கும் உள்ள முரணே பெரிது என்பது என் கருத்து. ‘கெ’ என்பதில் பின்னர் ஒலிக்கும் எகரத்தின் குறி முன்னர் நிற்கிறது; ‘கொ’ என்பதில் ஓருயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிகிறது. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகியவற்றில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. இவற்றையெல்லாம் நினைவில் தாங்கி எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குப் பொருளைச் சிந்திக்க இடம் எஞ்சுவதில்லை. அச்சொல் வீட்டில் வழங்காததாயின், கூட்டி முடித்தபின் கிடைப்பது வெற்றொலியே.

கஃப், டன்மர் ஆகியோர் 1986-இல் வாசித்துப் புரிதலை எழுத்தறிதல், கேட்டுப் புரிதல் ஆகியவற்றின் பெருக்கற்பலனாக விளக்கினர். ஒன்று சுழியெனில் விளைவும் சுழி. இதனின்று ஆசிரியர்க்கு ஒரு முறை கிடைக்கிறது. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தாருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையில் குடியேறியதாக இம்மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அதனை ஊர்வழக்கில் சொல்லித் திரும்பக் கூறச் செய்யலாம். ஆனால் சுவையான கதையில் கோளாறுடைய பிள்ளையும் ஒன்றிவிடக்கூடும். ஆதலின், சுவை குன்றிய பாடப்பகுதி ஒன்றையும் நூல்நடையில் ஒருமுறை, ஊர்வழக்கில் ஒருமுறை வாசித்துக் காட்டல் வேண்டும். ஊர்வழக்கில் மட்டும் புரிந்தால் இடைவெளி வழக்கினது. இரண்டிலும் செவிவழி புரிந்து, தானே படிக்கையில் மட்டும் தவறினால் சிக்கல் எழுத்தறிதலினது. எல்லாவற்றிலும் நழுவி, வீட்டிலும் அவ்வாறே என்று பெற்றோர் கூறினால் மருத்துவரை நாடலாம். இரு குறைகளும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருத்தலும் உண்டு.

பெயரிடலில் நேரும் பிழைக்கு விலை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) பட்டியலிடும் 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இடம்பெறுகிறது. கவனக்குறைவுக் கோளாறு தனி வகையாக இல்லை. வாசிப்புக் குறைபாடுடைய பிள்ளையைக் கவனமற்றது என எழுதிவிட்டால், சட்டம் தரும் உதவி அதனைச் சென்றடையாது.