குளியலறைத் தரை: தஹாரத்தும் வாட்டமும்



சென்ற மழைக்காலத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தாயார் ஃபஜ்ருக்கு உளூச் செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கரியாலூரிலிருந்து மலை இறக்கிக் கள்ளக்குறிச்சியில் கொண்டு சேர்த்தோம். பிறகு அந்தக் குளியலறையைப் போய்ப் பார்த்தோம். டைல்ஸ் புதிதுதான், பளபளப்பும் குறையவில்லை. ஆனால் கதவோரத்தில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்திருந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மத்ரஸாவின் குளியலறையில் நாங்களும் இதே தவற்றைச் செய்தோம். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொன்னோம், வாட்டம் பார்க்கவில்லை. தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது. ஆறே மாதத்தில் உடைத்து மறுபடி போட்டோம். செலவானது நீங்கள் நம்பி ஒப்படைத்த அமானத் பணம். அதில் கற்ற பாடத்தையாவது உங்களிடம் சேர்ப்பது எங்கள் கடமை.

மார்க்கம் காட்டும் அடிப்படை

குளிக்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வஸ்வாஸ் எனும் மன ஊசலாட்டம் பெரும்பாலும் அதனால் வருகிறது என்ற கருத்தில் வரும் ஹதீஸை அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் இப்னு மாஜா (ரஹ்), இந்த ஹதீஸுக்குக் கீழே தம் ஆசிரியர் ஒருவரின் விளக்கத்தையும் பதிந்திருக்கிறார்கள். தண்ணீர் தங்கும் பள்ளமான மண் தரைக்குரியது அந்தத் தடை. இப்போதைய குளியலிடங்கள் சுண்ணச்சாந்தும் கீலும் பூசியவை, தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும், ஆகவே குற்றமில்லை என்பது அதன் சாரம். தண்ணீர் ஓடுமானால் பரவாயில்லை என்று இமாம் இப்னுல் முபாரக் (ரஹ்) சொன்னதை இமாம் திர்மிதி (ரஹ்) குறித்திருக்கிறார்கள்.

தரை எதனால் ஆனது, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அந்தப் பெரியவர்கள் சட்டத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். கழிப்பறையும் குளியலறையும் ஒன்றாகிவிட்ட நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். நஜீஸ் பட்ட தரையில் அதன் தடயம் நீங்கத் தண்ணீர் ஊற்றி, அது வடிந்து போனால் தரை சுத்தமாகிவிடும். குறைந்த அளவுத் தண்ணீர் நஜீஸோடு கலந்து அங்கேயே தேங்கினால், அது தெறிக்கும் ஆடையைப் பற்றியும் கேள்வி எழும். ஆகவே டைல்ஸின் நிறத்தைவிட அதன் அடியிலுள்ள வாட்டமே முக்கியம்.

யார் செய்யலாம்?

தரைத்தளத்துச் சிறிய குளியலறையை வீட்டு ஆண்கள் இருவர் சேர்ந்து செய்துகொள்ளலாம். மாடியில் உள்ளது, குழாய் மாற்ற வேண்டியது, கழிப்பறைக் கோப்பையைப் பெயர்க்க வேண்டியது ஆகியவற்றுக்குக் கொத்தனாரையும் பிளம்பரையும் அழையுங்கள். கோப்பையை மாற்றினால் திசையையும் அப்போதே சரிசெய்துகொள்ளலாம். நம் பகுதிக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. கட்டடத்துக்குள் கிப்லாவை நோக்கி அமர்வது குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; முகமும் முதுகும் அத்திசையில் வராமல் அமைத்துவிட்டால் பேச்சே இல்லை.

செய்முறை

1. தட்டிப் பாருங்கள். மரக்கட்டையால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. தண்ணீர் சரியாக வடிந்து, இடைவெளிப் பூச்சு மட்டும் உதிர்ந்திருந்தால் அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் போதும்.

2. உடையுங்கள். முதலில் தண்ணீரை அடைத்து, வடிகால் வாயைத் துணியால் மூடுங்கள். துண்டுகள் உள்ளே விழுந்தால் அது வேறொரு வேலை. கண்ணாடியும் மூடிய செருப்பும் அவசியம். தூசி எழாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே உளியால் பெயருங்கள். சிமெண்ட் கலவை தோலைப் புண்ணாக்கும் என்பதால் இனி எல்லா வேலைக்கும் கையுறை வேண்டும்.

3. வாட்டம் குறியுங்கள். இதுதான் வேலையின் உயிர். ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்பது கணக்கு. வடிகாலிலிருந்து தொலைவான மூலை 6 அடி என்றால் ஒன்றரை அங்குலம் உயர வேண்டும். மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். தொலைவான மூலையில் தரை அந்தக் கோட்டுக்கு 10 அங்குலம் கீழே என்றால், வடிகாலருகே பதினொன்றரை அங்குலம் கீழே வரவேண்டும். வாசற்படி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கட்டும்.

4. சாந்து போடுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல். குறித்த சரிவுக்கு மட்டப்பலகையால் இழுத்து, 7 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். நாற்றத்தைத் தடுக்கும் வடிகால் டிராப்பில் 2 அங்குலம் தண்ணீர் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

5. நீர்க்காப்புப் பூசுங்கள். டைல்ஸ் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. இடைவெளிகள் வழியே இறங்கும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக நிரப்பி, வாட்டர்புரூஃப் பூச்சை இரண்டு கை அடியுங்கள். இரண்டாவது கை முதலாவதற்குக் குறுக்காக இருக்கட்டும். சுவரில் ஓரடி உயரம் வரை ஏறட்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்து, தரை முழுதும் மூழ்கும்படி தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

6. டைல்ஸ் ஒட்டுங்கள். ஓரடிக்கு ஓரடி அளவுள்ள, சொரசொரப்பான வழுக்காத டைல்ஸ் வாங்குங்கள். பெரியவை நாலாபுறச் சரிவுக்கு வளைந்து கொடுக்காது. 5 அடிக்கு 4 அடி அறைக்குச் சேதாரம் சேர்த்து 24 டைல்ஸும், 20 கிலோ ஒட்டுப்பசை மூட்டை ஒன்றும் போதும். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேற்றி வர வேண்டியிருப்பதால் ஒருமுறையிலேயே கணக்காக வாங்குங்கள். முதலில் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்து, வெட்டுத் துண்டுகளை உள் மூலைக்குத் தள்ளுங்கள். பல் கரணையால் பசையைத் தரை முழுதும் இழுங்கள். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்தால் நடுவில் வெற்றிடம் விழுந்து பின்னால் உடையும். இந்தப் பசைக்கு டைல்ஸைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். உள்சுவரிலிருந்து தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். டைல்ஸுக்கு இடையே 3 மில்லிமீட்டர் விடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்துச் சரிவு வடிகால் பக்கம்தானா என்று பாருங்கள்.

7. இடைவெளியை அடையுங்கள். ஒரு நாள் கழித்துப் பூச்சை ரப்பர் பலகையால் சாய்வாக அழுத்தித் தேய்த்து, ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். மறுநாள் வரை யாரும் மிதிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வாளித் தண்ணீரைத் தொலைவான மூலையில் கொட்டுங்கள். சில நிமிடங்களில் தேங்கல் இல்லாமல் வடிந்துவிட்டால் வேலை தேறியது. வயதானவர்கள் உள்ள வீடுகளில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் பதித்துவிடுங்கள்.

வேலை முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை குளிக்கவும் உளூச் செய்யவும் அண்டை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேட்கப்படும் வீட்டார் முகம் கோணாதீர்கள். புழங்கும் சிறு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களை அல்லாஹ் சூரத்துல் மாஊனில் கண்டித்திருக்கிறான். மத்ரஸா வேலைக்கு வாங்கிய டைல் கட்டர், பல் கரணை, மட்டக்குழாய், ரசமட்டம் ஆகியவை அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. அஸருக்குப் பின் வந்து பெயர் எழுதி எடுத்துச் செல்லலாம், வாடகை இல்லை. கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தால் அடுத்த வீட்டுக்கு உதவும்.

விழுந்த தாயார், அல்ஹம்துலில்லாஹ், இப்போது தடி ஊன்றி நடக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தரையை மகன்கள் உடைத்துச் சரிசெய்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் இன்றே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் மழைக்கு முன் வேலையைத் தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்