பழைய வேதாகமம் யாருடையது?

அம்மம்மா வழியாக வந்த வேதாகமத்தின் முதல் சொந்தக்காரரைத் தேடுகிறீர்களா? அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். அதற்கு முன் காலமானவர்களை விட்டுவிடலாம். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவிலுள்ள தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எழுதிவைப்பது பலரின் வழக்கம். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். ஒட்டிய தாளை மட்டும் உரிக்கவேண்டாம்.

ஆங்கிலப் பெயரைக் கண்டதும் வெள்ளைக்காரர் என்று முடிவுகட்டாதீர்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில், படிப்புச் செலவு தந்த அமெரிக்கர்களின் பெயரை மாணவர்களுக்கு வைத்தார்கள். வில்லியம் நெவின்ஸ் என்பவர் நியாய இலக்கணம் எழுதிய நம்முடைய சிதம்பரப்பிள்ளைதான்! ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர் இரண்டையும் குறித்துக்கொண்டு, அந்தக் குடும்பம் போன தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். உத்தேசமாக ஓர் ஆண்டையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போதகர் எந்தப் பதிவேட்டைப் புரட்டுவார்?