சம்பள உயர்வு கேட்பது பாவமா?



நம் குடும்பங்களில் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்கள் பலர். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவர், தனியார் பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் கண்விழிக்கும் நர்சு, லாரி ஆபீசில் ரசீது போடும் வாலிபர் ஆகிய எல்லாரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியோடு திண்டாடுகிறார்கள்: "சம்பளம் கூட்டித் தரும்படி முதலாளியிடம் கேட்கலாமா? கேட்டால் நன்றி கெட்டவன் என்று எண்ணுவாரோ? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்களே, கிறிஸ்தவனுக்கு இது அடுக்குமா?" இந்த வாரப் பாடத்தில் இதை ஒழுங்காக ஆராய்வோம்.

1. நாம் கேட்பது எதை?

சம்பள உயர்வு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாததால்தான் குழப்பம் உண்டாகிறது.

முதலாவது, சட்டப்படி சேரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம். இதற்கென்று நம் தேசத்தில் 1948-ம் ஆண்டிலேயே சட்டம் ஏற்பட்டது. அது பிற்பாடு 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21-ந் தேதி அத்தொகுப்பு அமலுக்கு வந்தது. இந்த ஊதியம் முதலாளியின் தயவைப் பொறுத்ததல்ல. கொடுத்தே தீரவேண்டியது.

இரண்டாவது, விலைவாசி ஏற்றத்தை ஈடுசெய்யும் உயர்வு. ஒருவருக்கு மூன்று வருஷங்களுக்கு முன் மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் வருஷத்துக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறியிருந்தால், அன்று 12,000 ரூபாய்க்கு வாங்கிய அதே அரிசியையும் எண்ணெயையும் துணியையும் வாங்க இன்று 14,292 ரூபாய் வேண்டும். இப்பொழுது அவர் 13,500 வாங்கினால், காகிதத்தில் சம்பளம் 1,500 கூடியிருக்கிறது. அடுப்படியிலோ 792 ரூபாய் குறைந்திருக்கிறது. ஆகவே இவர் கேட்கும் ஈடு பேராசையாகாது. முன்பு இருந்த இடத்திலேயே தம்மை நிறுத்தும்படிதான் கேட்கிறார்.

மூன்றாவது, கூடிய பொறுப்புக்கும் தேர்ந்த திறமைக்கும் உரிய உத்தியோக உயர்வு. ஒருவர் செய்த வேலையை இருவர் வேலையாக்கியபின் பழைய சம்பளமே நீடிப்பது முறையல்ல.

இம்மூன்றில் நாம் கேட்பது எது என்று முதலில் நமக்கே தெரியவேண்டும். அது தெரியாமல் போகிறவன் "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்புவான்.

2. திருச்சபை என்ன போதிக்கிறது?

லெயோ என்னும் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் ஆண்டில் தொழிலாளரைக் குறித்து 'ரேரும் நோவாரும்' என்ற நிருபத்தை எழுதினார். இரு தரப்பாரும் சம்மதித்தார்கள் என்பதற்காக மட்டும் எந்தக் கூலியும் நியாயமாகிவிடாது என்று அதில் போதித்தார். வறுமைக்கு அஞ்சி, சிக்கனமாய் வாழ்வதற்கும் போதாத கூலிக்கு ஒருவன் இசைந்தால், அவன் வற்புறுத்தலுக்கும் அநியாயத்துக்கும் இரையாகிறான் என்பது அவருடைய தீர்ப்பு.

11-ம் பத்திநாதர் 1931-ம் ஆண்டில் இதை இன்னும் விளக்கினார். கூலியை நிர்ணயிக்கும்போது மூன்றைக் கவனிக்கவேண்டும்: தொழிலாளியும் அவன் குடும்பமும் பிழைக்கப் போதுமா, தொழிலின் நிலைமை அதைத் தாங்குமா, பொதுநன்மைக்கு ஏற்றதா என்பவையே அவை. இதில் முதலாளிக்கும் பாடம் உண்டு, தொழிலாளிக்கும் பாடம் உண்டு. கடை நஷ்டத்தில் தத்தளிக்கும்போது கூடாததைக் கேட்பதும் நியாயமன்று. நிர்வாகக் கோளாற்றினால் வந்த நஷ்டத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதும் நியாயமன்று.

நம் நாட்டிலும் 1957-ம் ஆண்டில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15-வது கூட்டம் ஓர் அளவுகோலை வகுத்தது. நால்வர் உள்ள குடும்பத்தை மூன்று நபராகக் கணக்கிட்டு, நபருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருஷத்தில் 72 கெஜம் துணி, குடியிருக்க வாடகை, விறகு விளக்கு முதலிய சில்லறைச் செலவுக்கு நூற்றுக்கு 20 என்று குறித்தார்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை போன்றவற்றுக்காக மேலும் நூற்றுக்கு 25 சேர்க்கவேண்டும் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இவ்வளவும் குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய கணக்கு என்பதை மறக்கலாகாது.

3. மௌனம் எப்போதும் புண்ணியமாகாது

"எதற்கு வம்பு? பேசாமல் இருந்துவிடுகிறேன்" என்பார் சிலர். உண்மையான பொறுமையோடு அப்படி இருந்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வாய் மௌனமாயிருக்க, கை பேசத் தொடங்கினால் என்ன செய்வது? "இவர் தரும் சம்பளத்துக்கு இவ்வளவு வேலை போதும்" என்று மணிக்கணக்கைத் திருடுகிறார்கள். கல்லாவில் சில்லறை மறைகிறது. கிடங்குச் சாமான் வீட்டுக்கு வருகிறது. கேட்டால், "எனக்கு வரவேண்டியதைத்தான் எடுத்தேன்" என்று மனச்சாட்சியைத் தூங்கவைக்கிறார்கள்.

இது புதிதாய் எழுந்த சாக்கு அல்ல. தங்கள் உழைப்புக்குக் கூலி போதாது என்று தாங்களே தீர்மானித்துக்கொண்டு, எஜமானின் பொருளை ஊழியர் இரகசியமாய் எடுத்துக்கொள்ளலாம் என்ற கொள்கையை 11-ம் இன்னொசெந்து பாப்பரசர் 1679-ம் ஆண்டிலேயே கண்டனம் செய்தார். தன் வழக்கில் தானே நீதிபதியாகி, இருட்டில் தீர்ப்பை நிறைவேற்றுகிறவன் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறான்.

வேறு சிலர் ஒன்றையும் எடுக்கமாட்டார்கள். ஆனால் மனக்கசப்பை வீட்டுக்குச் சுமந்து வந்து மனைவி மக்கள்மேல் கொட்டுவார்கள். முதலாளியிடம் சொல்லத் துணியாத சொல்லெல்லாம் பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது. அன்பர்களே, இவை இரண்டிலும் பார்க்க, பகலில் நேருக்கு நேர் நின்று மரியாதையோடு கேட்பது எவ்வளவோ மேலானது அன்றோ? கேட்பது நேர்மையின் வழி. முதலாளிக்கும் அது நன்மையே. தம் ஊழியரின் மனதில் இருப்பது அவருக்குத் தெரியவருகிறது.

4. யாக்கோபு கேட்ட விதம்

ஆதியாகமம் 30-ம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். யாக்கோபு தன் மாமன் லாபானிடம் பதினான்கு வருஷம் ஊழியம் செய்தபின் கூலியைப் பற்றிப் பேசுகிறான். அங்கே நான்கு பாடங்கள் உண்டு.

முதல் பாடம்: வேலை முடிந்து கணக்குத் தெளிவான சமயத்தில் பேசுகிறான். நாமும் தீபாவளி வியாபார நெரிசலிலும், முதலாளி வீட்டில் துக்கமுள்ள நாளிலும், பிறர் முன்னிலையிலும் இப்பேச்சை எடுக்கலாகாது. "தனியாகப் பத்து நிமிஷம் பேசவேண்டும்" என்று முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டாம் பாடம்: தான் வந்தபோது மந்தை சிறிதாயிருந்ததையும், இப்பொழுது பெருகியிருப்பதையும் எடுத்துக்காட்டுகிறான். அது தற்பெருமையாகாது, சாட்சியம். நாமும் நம் வேலையின் பலனை எண்ணிக்கையில் சொல்லவேண்டும்.

மூன்றாம் பாடம்: தன் சொந்தக் குடும்பத்துக்கு எப்போது சம்பாதிப்பது என்று கேட்கிறான். குடும்பத் தேவையைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். ஆனால் அவன் அதை முதலில் வைக்கவில்லை. உழைப்பைக் காட்டியபின்னரே வைத்தான்.

நான்காம் பாடம்: எவரும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நிபந்தனையைக் கூறுகிறான். புள்ளியும் வரியும் உள்ள ஆடுகள் தனக்கு, மற்றவை மாமனுக்கு. நாமும் "ஏதோ பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுவிடாமல், தொகையையும் தேதியையும் தெளிவாகச் சொல்லவேண்டும். அப்படியிருந்தும் லாபான் கூலியைப் பத்துத் தடவை மாற்றினான் என்று யாக்கோபு பிறகு முறையிடுகிறான். ஆகையால் ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெறுவது நல்லது.

இதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கலாம்: "ஐயா, நான் இங்கே சேர்ந்து ஆறு வருஷமாகிறது. போன தை மாதம் முதல் கடைக் கணக்கோடு கிடங்குக் கணக்கையும் நானே பார்க்கிறேன். அதிலிருந்து சரக்கு இருப்பில் வித்தியாசம் வரவில்லை. மூன்று வருஷமாகச் சம்பளம் 500 ரூபாய்தான் கூடியிருக்கிறது. வருகிற சித்திரை முதல் 3,000 ரூபாய் கூட்டிக் கொடுத்து, கிடங்குப் பொறுப்பையும் என் பெயரிலேயே எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதில் கெஞ்சுதலும் இல்லை, மிரட்டலும் இல்லை.

5. சில வினாக்களும் விடைகளும்

வினா: போர்ச்சேவகர் தங்கள் சம்பளத்தோடு திருப்தியாயிருக்கவேண்டுமென்று அர்ச். ஸ்நாபக அருளப்பர் சொல்லவில்லையா?

விடை: சொன்னார். ஆனால் யாரிடம் சொன்னார்? ஜனங்களை மிரட்டிப் பணம் பறித்தவர்களிடம் சொன்னார். கொள்ளையை விலக்கினாரேயொழிய, நியாயமாய்க் கேட்பதை விலக்கவில்லை.

வினா: பக்கத்து மேசைக்காரருக்கு என்னைவிட அதிகம் தருகிறார்கள். அதைச் சொல்லிக் கேட்கலாமா?

விடை: திராட்சைத் தோட்ட உவமையில் முதலில் வந்தவர்கள் பேசிய கூலியைப் பெற்றும், பிறர் பெற்றதைப் பார்த்து முறுமுறுத்தார்கள். பொறாமையை ஆதாரமாக்கவேண்டாம், உன் வேலையை ஆதாரமாக்கு. ஆனால் ஒரே வேலைக்கு, பெண் என்ற காரணத்தால் குறைத்துக் கொடுத்தால் அது அநியாயம். 1976-ம் ஆண்டிலேயே சட்டம் அதைத் தடுத்தது. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது.

வினா: முதலாளியிடம் நான் முன்பணம் வாங்கியிருக்கிறேன். எப்படி வாய் திறப்பது?

விடை: முன்பணம் நாவுக்குப் பூட்டு என்பது உண்மையே. அதனால்தான் சடங்குக்கும் விருந்துக்கும் கடன் வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் கடன் வேறு, கூலி வேறு. பிடித்தம் மாதம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று முதலில் கணக்குக் கேள். பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசு.

வினா: "வேறு இடம் கிடைத்திருக்கிறது" என்று சும்மா சொல்லிப் பார்க்கலாமா?

விடை: கூடாது. அது பொய். "அப்படியானால் போய் வா" என்று அவர் சொல்லிவிட்டால் உன் பொய்யே உன்னைத் தெருவில் நிறுத்தும்.

வினா: மறுத்துவிட்டால்?

விடை: காரணத்தைக் கேள். "எதைச் செய்தால், எப்போது ஆலோசிப்பீர்கள்?" என்று தேதி கேட்டு வாங்கு. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகத் தருகிறார் என்றால் தொழிற்சங்கத்தின் வழியாகவோ நேராகவோ தொழிலாளர் துறை அலுவலகத்தில் முறையிடலாம், அதில் பாவமில்லை. நியாயம் கிடைக்க வழியே இல்லையென்றால் வேறு வேலை தேடு. போகும்போது முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, கணக்கைச் சுத்தமாய் ஒப்படைத்துவிட்டுப் போ.

6. வேலை கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் பங்கிலேயே கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போர் உண்டு. வேலையாளின் கூலியை வஞ்சிப்பது, வானத்தை நோக்கிப் பழிவாங்கக் கூப்பிடும் நான்கு பாவங்களில் ஒன்றென்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். கோயிலுக்குக் கொடுக்கும் நேர்ச்சை கூலிப் பாக்கியைத் தீர்த்துவிடாது. முதலில் கூலியைத் தீர்த்துவிட்டு, பிறகு மெழுகுதிரி கொண்டு வாருங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று காத்திராமல், வருஷத்துக்கு ஒரு தடவை நீங்களே கூப்பிட்டு, "வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகிறதா?" என்று விசாரியுங்கள்.

இது கோயிலுக்கும் நம் பள்ளிகளுக்கும் மடங்களுக்கும் பொருந்தும். நீதியைப் பற்றிப் பேசுகிற திருச்சபை முதலில் தன் ஊழியருக்கு நீதியாய் நடக்கவேண்டும் என்று 1971-ம் ஆண்டில் உரோமையில் கூடிய ஆயர்களின் சங்கம் வற்புறுத்தியது. உபதேசியார், கோயில்பிள்ளை, சமையற்காரம்மாள், சம்பளம் போதாத ஆசிரியை எவராயினும் மேலே சொன்ன முறையில் கேட்கலாம். அவர்களுக்குச் செவிகொடுப்பது எங்கள் கடமை.

இந்த வாரத் தீர்மானம்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள். முதற்பத்தியில், சேர்ந்த நாளில் செய்த வேலையும் இன்று செய்யும் வேலையும். இரண்டாவதில், மூன்று வருஷத்துக்கு முந்திய வீட்டுச் செலவும் இன்றைய செலவும். மூன்றாவதில், நேரத்துக்குப் போகாத நாட்கள், அரைகுறையாய் விட்ட வேலைகள் முதலிய உங்கள் குறைகள். மூன்றாம் பத்தி நீண்டிருந்தால் அதைத் திருத்திக்கொண்டு, மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள். முதலிரண்டும் நீண்டிருந்தால் அஞ்சவேண்டாம். தச்சுப்பட்டறையில் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காப்பாற்றிய அர்ச். சூசையப்பரை வேண்டிக்கொண்டு, அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தலை நிமிர்ந்து, குரல் தாழ்த்திக் கேளுங்கள்.